துவாரகநாத் தாகூர்

துவாரகநாத் தாகூர் (1794 – ஆகஸ்ட் 1, 1846) வங்காளத்தைச் சேர்ந்த தொழில் முனைவர், ஜமீன்தார், சமூகச் சீர்திருத்த ஆதரவாளர் ஆவார். இந்திய ஆறுகளில் நீராவிப் படகுகளை வணிக முறையில் இயக்கிய நிறுவனங்களைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர். ஐரோப்பியருடன் சம பங்காளியாக நின்று ஒரு பெரும் வணிக நிறுவனத்தை நடத்திய முதல் இந்தியர்களுள் ஒருவர். வங்கி, நிலக்கரிச் சுரங்கம், இழுவைக் கப்பல், பயணிகள் நீராவிப் படகு ஆகியவற்றை ஒன்றோடொன்று பிணைத்து ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்தார். இவருடைய மூத்த மகன் பிரம்ம சமாஜத் தலைவர் தேவேந்திரநாத் தாகூர். கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் இவருடைய பேரன். தமிழில் இவர் பெரும்பாலும் கவிஞரின் பாட்டனார் என்ற அளவிலேயே அறியப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

துவாரகநாத் கல்கத்தாவின் ஜோராசங்கோ பகுதியில் பிறந்தார். தந்தை ராம்மணி தாகூர். ராம்மணியின் அண்ணன் ராம்லோசனுக்கு மகன் இல்லாததால், அவர் துவாரகநாத்தைத் தத்து எடுத்துக்கொண்டார். 1807 இல் ராம்லோசன் இறந்தபோது ஜோராசங்கோ வீடும் ஜமீன் நிலங்களும் பதின்மூன்று வயதுச் சிறுவனான துவாரகநாத்துக்கு உரிமையாயின. அவருக்கு உரிய வயது வரும்வரை வளர்ப்புத் தாய் அலகாசுந்தரியும் அண்ணனும் சொத்துகளைக் கவனித்து வந்தனர்.

தாகூர் குடும்பத்தினர் பிராலி பிராமணர் எனப்பட்டனர். பிற பிராமணக் குடும்பங்கள் இவர்களுடன் மணவுறவு கொள்வதைத் தவிர்த்தன. சாதி அடுக்கில் இவ்வாறு ஓரங்கட்டப்பட்டிருந்ததால், ஐரோப்பியருடன் பழகித் தொழில் செய்வதில் இழப்பதற்கு அவர்களுக்கு அதிகம் இருக்கவில்லை.

துவாரகநாத் ஷெர்போர்ன் என்பவர் நடத்திய பள்ளியில் ஆங்கிலம் பயின்றார். பாரசீகமும் கற்றார். பின்னர் ராபர்ட் கட்லர் பெர்குசன் என்னும் பாரிஸ்டரிடம் சட்டம் கற்றுத் தேர்ந்தார். 1793 ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டத்தால் நில வழக்குகள் பெருகியிருந்த காலம் அது. ஜமீன்தார்களுக்குச் சட்ட ஆலோசகராகப் பணியாற்றியதே அவருடைய முதல் பெரும் வருவாய். வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வரும் நிலங்களின் உண்மையான மதிப்பு என்ன, எந்த ஆவணத்தில் என்ன குறை என்பவற்றை அவர் இக்காலத்திலேயே அறிந்துகொண்டார். ஏலத்தில் வாங்கும் இந்தத் திறமை பின்னாளில் சுரங்கத்திலும் கப்பலிலும் அவருக்குக் கைகொடுத்தது.

அரசுப் பணியிலிருந்து வணிகத்துக்கு

1822 இல் இருபத்து நான்கு பர்கானா மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகச் சேர்ந்தார். பின்பு சுங்கம், உப்பு, அபினி வாரியத்தின் திவானாக உயர்ந்தார். ஓர் இந்தியர் அக்காலத்தில் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவிகளுள் அதுவும் ஒன்று. பதவியில் இருந்துகொண்டே பணத்தை வட்டிக்கு விடுவது, பங்குகள் வாங்குவது, ஏற்றுமதி செய்வது ஆகியவற்றையும் செய்து வந்தார். இன்று இது முறைகேடாகக் கருதப்படும். அன்று கம்பெனியின் ஆங்கில அதிகாரிகளும் அவ்வாறே செய்தனர்.

1829 இல் கல்கத்தாவில் யூனியன் வங்கி தொடங்கப்பட்டபோது அதன் நிறுவனர்களுள் ஒருவராக இருந்தார். அடுத்த நான்கு ஆண்டுகள் கல்கத்தா வணிக உலகுக்குக் கேடு காலமாக அமைந்தன. அவுரி விலை வீழ்ச்சியால் பாமர், அலெக்சாண்டர், மெக்கின்டாஷ் முதலிய பெரிய ஐரோப்பிய முகவர் நிறுவனங்கள் 1830 முதல் 1834 வரை ஒன்றன்பின் ஒன்றாகத் திவாலாயின. மெக்கின்டாஷ் நிறுவனத்துடன் இணைந்திருந்த கமர்ஷியல் வங்கியும் மூழ்கியது. அதன் பங்காளிகளுள் கடனை அடைக்கும் நிலையில் இருந்தவர் துவாரகநாத் ஒருவரே. அவர் பொறுப்பேற்றுக் கடன்களைத் தீர்த்தார். இதனால் கையிருப்பு குறைந்தாலும் நாணயம் வளர்ந்தது.

1834 இல் அரசுப் பதவியை விட்டு விலகி, வில்லியம் கார் என்னும் ஆங்கிலேயருடன் சேர்ந்து கார், தாகூர் கம்பெனியைத் தொடங்கினார். வில்லியம் பிரின்செப்பும் இதில் பங்காளியானார். முந்தைய நிறுவனங்களில் இந்தியர்கள் பெரும்பாலும் பணம் கொடுக்கும் பனியாக்களாகவே இருந்தனர். இங்கு முதலும் முடிவெடுக்கும் அதிகாரமும் இந்தியரிடம் இருந்தன. கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் பிரபு இம்முயற்சியைப் பாராட்டினார்.

வங்காள ஆறுகளில் நீராவி

துவாரகநாத்தின் பணியை விளங்கிக்கொள்ள அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1807 இல் ராபர்ட் புல்ட்டன் நியூயார்க்குக்கும் ஆல்பனிக்கும் இடையே ஹட்சன் ஆற்றில் கட்டணப் பயணிகள் சேவையைத் தொடங்கினார். 1812 இல் ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றில் ஹென்றி பெல்லின் 'காமெட்' ஓடத் தொடங்கியது. இந்தியாவில் முதல் நீராவிப் படகு 1819 ஆம் ஆண்டளவில் லக்னோ நவாபுக்காகச் செய்யப்பட்டது. அது அரசரின் உல்லாசப் படகு மட்டுமே.

1823 ஜூலை மாதம் கல்கத்தாவின் கிதர்பூர் கப்பல் தளத்தில் 'டயானா' நீரில் இறக்கப்பட்டது. உடலைத் தேக்கு மரத்தால் இங்கேயே கட்டி, இங்கிலாந்தில் செய்த எந்திரத்தைப் பொருத்தியிருந்தனர். வணிக முறையில் அது வெற்றி பெறவில்லை. 1824 இல் முதல் பர்மியப் போருக்காக அரசு அதை விலைக்கு வாங்கியது. ஐராவதி ஆற்றில் காற்றையும் நீரோட்டத்தையும் பொருட்படுத்தாமல் அது சென்றதைக் கண்ட பிறகே கம்பெனி அரசுக்கு நீராவியில் நம்பிக்கை பிறந்தது.

இதே காலத்தில் இங்கிலாந்துக்கும் வங்காளத்துக்கும் இடையே 70 நாட்களில் வந்து சேரும் நீராவிக் கப்பலுக்குக் கல்கத்தாவினர் நிதி திரட்டிப் பரிசு அறிவித்தனர். 1825 இல் 'என்டர்பிரைஸ்' 113 நாட்கள் எடுத்துக்கொண்டு கல்கத்தாவை வந்தடைந்தது. அதன் தலைவர் ஜேம்ஸ் ஹென்றி ஜான்ஸ்டன் பின்னர் கங்கையில் அரசு நீராவிப் படகுச் சேவையை அமைத்தார். இங்கிலாந்திலிருந்து பகுதி பகுதியாகக் கொண்டுவந்து கல்கத்தாவில் பொருத்தப்பட்ட இரும்புப் படகுகளைக் கொண்டு 1834 இல் கல்கத்தா – அலகாபாத் சேவை தொடங்கியது. முதல் படகின் பெயர் 'லார்ட் வில்லியம் பெண்டிங்க்'.

இப்படகுகளின் அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. கங்கையில் கோடைக்காலத்தில் ஆழம் மிகவும் குறைந்துவிடும். எனவே இரண்டடி நீரிலும் மிதக்கும்படி தட்டையான அடிப்பாகத்துடன் அவை கட்டப்பட்டன. எந்திரம், கொதிகலன், நிலக்கரி ஆகியவற்றின் எடையே அந்த அளவுக்குப் போதுமானதாக இருந்ததால், பயணிகளுக்கும் சரக்குக்கும் அதில் இடமில்லை. அவர்களை 'பிளாட்' எனப்பட்ட எந்திரமில்லாத மற்றொரு படகில் ஏற்றி, அதை நீராவிப் படகு இழுத்துச் சென்றது. கொதிகலனின் வெப்பத்திலிருந்தும் வெடிப்பு அச்சத்திலிருந்தும் பயணிகள் விலகியிருந்தது கூடுதல் நன்மை. நாட்டுப் படகில் இரண்டு மூன்று மாதங்கள் பிடித்த பயணம் ஏறத்தாழ மூன்று வாரங்களாகக் குறைந்தது. ஆனால் அரசு அதிகாரிகளுக்கும், கருவூலப் பணத்துக்கும், படைத் தளவாடங்களுக்குமே முதலிடம் தரப்பட்டது. எஞ்சிய சிறு இடத்துக்கு வணிகர்கள் போட்டியிட வேண்டியிருந்தது.

ராணிகஞ்ச் நிலக்கரி

நீராவிப் படகு நிறுத்தாமல் ஓட வேண்டுமானால் நிலக்கரி வேண்டும். இங்கிலாந்திலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் நிலக்கரி விலை மிகுந்தது. கல்கத்தாவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில் உள்ள ராணிகஞ்சில் வில்லியம் ஜோன்ஸ் என்பவர் தோண்டத் தொடங்கிய சுரங்கம், அவருக்குப் பின் அலெக்சாண்டர் நிறுவனத்தின் கைக்கு வந்திருந்தது. அந்நிறுவனம் திவாலானபோது 1836 இல் துவாரகநாத் அதை 70,000 ரூபாய்க்கு வாங்கினார். அவருடைய முடிவுகளிலேயே தொலைநோக்கு மிக்கது இதுதான் எனலாம்.

சுரங்கத்தை வாங்குவது எளிதாக இருந்தது. கரியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவருவது கடினமாக இருந்தது. சாலை இல்லை. தாமோதர் ஆறு மழைக்காலத்தில் சில மாதங்கள் மட்டுமே படகு செல்லத் தக்கது. ஆண்டு முழுவதும் வெட்டிய கரியைக் கரையில் குவித்து வைத்து, வெள்ளம் வந்தவுடன் நூற்றுக்கணக்கான நாட்டுப் படகுகளில் ஏற்றி ஆம்தா என்னும் ஊர்வரை விரைந்து இறக்குவர். ஆம்தாக் கிடங்கிலிருந்து பிற மாதங்களில் சிறுகச் சிறுகக் கல்கத்தாவுக்குச் செல்லும். மழை பொய்த்தாலோ, வெள்ளம் அளவு மீறினாலோ, படகுக்காரர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டாலோ அந்த ஆண்டு முழுவதும் தட்டுப்பாடுதான். புத்தம் புதிய எந்திரத் தொழில்நுட்பம் துடுப்பையும் பாயையும் நம்பிக் காத்திருந்தது! நீராவிப் படகுகளுக்காகக் கங்கைக் கரை நெடுகிலும் அமைக்கப்பட்ட கிடங்குகளுக்குக் கரியைக் கொண்டு சேர்த்ததும் நாட்டுப் படகுகளே.

1843 இல் கார், தாகூர் கம்பெனியின் சுரங்கங்களும் போட்டி நிறுவனமான கில்மோர், ஹோம்பிரே கம்பெனியின் சுரங்கங்களும் இணைந்து பெங்கால் கோல் கம்பெனி உருவாயிற்று. இந்திய நிலக்கரித் தொழிலின் மிகப் பெரிய நிறுவனமாக அது நெடுங்காலம் விளங்கியது.

ஊக்ளி ஆற்றில் இழுவைக் கப்பல்கள்

கல்கத்தா துறைமுகம் கடற்கரையில் இல்லை. கழிமுகத்திலிருந்து ஊக்ளி ஆற்றில் 130 கி.மீ.க்கு மேல் உள்ளே செல்ல வேண்டும். ஆற்றின் மணல் திட்டுகள் ஆண்டுதோறும் இடம் மாறும். 'ஜேம்ஸ் அண்ட் மேரி' என்ற திட்டு, 1694 இல் அங்கு மூழ்கிய கப்பலின் பெயரையே தாங்கி நின்றது. எதிர்க்காற்று வீசினால் பாய்மரக் கப்பல்கள் ஆற்றின் நடுவே நாட்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடக்கும். கடலில் பல ஆயிரம் மைல்கள் வந்த கப்பல் இறுதி நூறு மைல்களில் நாட்களையும், சில வேளைகளில் தன்னையே கூடவும் இழந்தது.

திவாலான மெக்கின்டாஷ் நிறுவனத்தினருடைய 'போர்ப்ஸ்' என்னும் நீராவிக் கப்பலைக் கார், தாகூர் கம்பெனி கைப்பற்றியது. 1830 இல் ஓர் அபினிக் கப்பலை இழுத்துக்கொண்டு சீனக் கடல்வரை சென்று வந்த கப்பல் அது. இதைக் கொண்டு 1836 இல் கல்கத்தா நீராவி இழுவைச் சங்கம் தொடங்கப்பட்டது. பெயர் சங்கம் என்றாலும் இது பங்குகள் விற்று முதல் திரட்டிய வணிக நிறுவனமே. பாய்மரக் கப்பல்களைக் கடல் முகத்திலிருந்து நகருக்கும், நகரிலிருந்து கடலுக்கும் கட்டணம் பெற்று இழுத்துச் செல்வது இதன் தொழில். கப்பல்கள் பாய்மரத்திலேயே ஓடிய அந்தக் காலத்தில், நீராவி முதலில் நிலையான வருவாய் ஈட்டியது இத்தகைய துணைப் பணியில்தான்.

இச்சங்கத்தை நிர்வகிக்கும் பொறுப்பு கார், தாகூர் கம்பெனிக்கு. நிலக்கரி விற்றதும் கார், தாகூர் கம்பெனி. கடன் கொடுத்த யூனியன் வங்கியிலும் துவாரகநாத்தின் செல்வாக்கே ஓங்கியிருந்தது. பல பங்கு நிறுவனங்களை ஒரே வணிக நிறுவனம் நிர்வகிக்கும் இம்முறை பிற்காலத்தில் நிர்வாக முகவர் முறை எனப் பெயர் பெற்று, நூறாண்டுகளுக்கு மேல் இந்தியத் தொழில்துறையை ஆண்டது. அதன் தொடக்கம் இங்குதான் எனப் பொருளியல் வரலாற்றாளர்கள் கருதுகின்றனர். முதல் குறைவாக உள்ள நாட்டில் ஒரு நல்ல நிர்வாகியின் பெயரால் பல தொழில்களுக்குப் பணம் திரட்ட இம்முறை வழி செய்தது. அதே வேளையில், வாங்குபவரும் விற்பவரும் கடன் தருபவரும் ஒருவரே என்றால் விலை நியாயமா என்று கேட்க யாரும் இல்லை. ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் அறுந்துவிடும் இடரும் இதற்குள்ளேயே இருந்தது.

இந்தியா ஜெனரல் நீராவிக் கப்பல் கம்பெனி

அரசுப் படகுகளில் இடம் போதாமையே தனியார் சேவைக்கு வாய்ப்பளித்தது. 1844 பிப்ரவரியில் இந்தியா ஜெனரல் ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தொடங்கப்பட்டது. நிர்வாகம் கார், தாகூர் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. கல்கத்தாவிலிருந்து கங்கையின் மேற்பகுதி ஊர்களுக்குப் பயணிகளையும் அவுரி, பட்டு போன்ற விலை மிகுந்த சரக்குகளையும் ஏற்றிச் செல்வது இதன் நோக்கம். வறண்ட மாதங்களில் பாகீரதி ஆறு வற்றிவிடுவதால், படகுகள் சுந்தரவனக் காடுகளின் கால்வாய்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு கங்கையை அடைய வேண்டியிருந்தது.

இரயில் பாதைகள் வந்தபின் கங்கையில் இச்சேவைக்கு மதிப்பு குறைந்தது. நிறுவனம் கிழக்கு வங்காளத்துக்கும் அசாமின் பிரம்மபுத்திராவுக்கும் நகர்ந்து, தேயிலைத் தோட்டங்களின் போக்குவரத்தை நம்பி வாழ்ந்தது. இந்தியப் பிரிவினைக்குப் பின்னரும் அது நீடித்தது.

துவாரகநாத் இரயிலின் வருகையையும் எதிர்பார்த்திருந்தார். தாமோதர் வெள்ளத்துக்காகக் காத்திருக்கும் தொல்லையிலிருந்து விடுபட, கல்கத்தாவிலிருந்து நிலக்கரி வயல்களுக்கு இரும்புப் பாதை அமைக்க வேண்டும் என்றும் அதற்கான முதலில் மூன்றில் ஒரு பங்கைத் தாம் திரட்டித் தருவதாகவும் கூறினார். கார், தாகூர் கம்பெனி முன்னின்று தொடங்கிய இரயில் நிறுவனம் 1847 இல் ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயுடன் இணைக்கப்பட்டது. ராணிகஞ்சுக்கு இரயில் வந்தது 1855 இல். அப்போது துவாரகநாத்தும் இல்லை, அவருடைய கம்பெனியும் இல்லை.

அபினியும் அவுரியும்

துவாரகநாத்தின் செல்வத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. சீனாவுக்கு அபினி ஏற்றிச் சென்ற 'வாட்டர் விட்ச்' என்னும் விரைவுக் கப்பலின் உரிமையாளர்களுள் அவரும் ஒருவர். அரசின் அபினி வாரியத்தில் திவானாக இருந்தவர் அபினி வணிகத்திலும் ஈடுபட்டார். தம் ஜமீன்களில் ஐரோப்பிய மேலாளர்களை அமர்த்திக் குத்தகையைக் கண்டிப்புடன் வசூலித்தார். 1829 இல் கல்கத்தா டவுன் ஹாலில் நடந்த கூட்டத்தில், ஐரோப்பியர் இங்கு நிலம் பெற்றுக் குடியேற அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையை இராஜாராம் மோகன் ராயுடன் சேர்ந்து ஆதரித்தார். அவுரித் தோட்டங்களால் நாட்டுக்கு நன்மையே என்றார். வங்காள உழவர்கள் 1859 இல் அவுரிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததை நினைத்தால் இக்கருத்தை ஏற்பது கடினம். இவரைத் தேசியத் தொழில் முன்னோடி என்று மட்டும் எழுதுவது முழு உண்மையாகாது.

சமூகப் பணிகளும் குடும்பமும்

ராம்மோகன் ராயின் நெருங்கிய நண்பரான துவாரகநாத், உடன்கட்டை ஒழிப்பிலும் பத்திரிகைச் சுதந்திரத்திலும் அவருக்குத் துணை நின்றார். 1835 இல் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் பரிசாக வழங்க முன்வந்தார். 1838 இல் நிலவுடைமையாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகவும் இருந்தார்.

பெல்காச்சியாவில் இருந்த அவருடைய மாளிகையின் விருந்துகள் நகரெங்கும் பேசப்பட்டன. ஐரோப்பியருடன் அமர்ந்து இறைச்சியும் மதுவும் உண்டதால் மனைவி திகம்பரி தேவி அவருடன் வாழ்வதை நிறுத்திக்கொண்டார். ஒரே வீட்டில் தனித்து வாழ்ந்து 1839 இல் மறைந்தார். மூத்த மகன் தேவேந்திரநாத்தின் மனம் ஆன்மிகத்தில் இருந்தது. கணக்குப் புத்தகத்தில் அவருக்கு நாட்டமில்லை என்பது தந்தைக்கு இறுதிவரை குறையாகவே இருந்தது.

இங்கிலாந்துப் பயணங்கள்

1842 ஜனவரியில் 'இந்தியா' என்னும் நீராவிக் கப்பலில் துவாரகநாத் சூயஸ் நோக்கிப் புறப்பட்டார். சூயஸ் கால்வாய் 1869 இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை பயணிகள் எகிப்தை நிலவழியே கடந்து மறுகரையில் வேறு கப்பல் ஏறினர். இங்கிலாந்தில் விக்டோரியா அரசியும் பிரதமர் ராபர்ட் பீலும், பிரான்சில் அரசர் லூயி பிலிப்பும் அவரை வரவேற்றனர். செய்தித்தாள்கள் 'பிரின்ஸ்' என அழைத்தன. இப்பட்டத்தை எந்த அரசும் அவருக்கு வழங்கவில்லை. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களையும் தொழிற்சாலைகளையும் அவர் ஆர்வத்துடன் பார்வையிட்டார். அவ்வாண்டின் இறுதியில் திரும்பியபோது கடல் கடந்ததற்குப் பிராயச்சித்தம் செய்ய மறுத்துவிட்டார்.

1845 மார்ச்சில் மீண்டும் புறப்பட்டார். மருத்துவக் கல்லூரி மாணவர் நால்வர் மேற்படிப்புக்காக அவருடன் லண்டன் சென்றனர். இருவரின் செலவைத் துவாரகநாத் ஏற்றார்.

இறப்பும் கம்பெனியின் வீழ்ச்சியும்

1846 ஆகஸ்ட் 1 அன்று லண்டனில் தம் 52 ஆம் வயதில் துவாரகநாத் காலமானார். கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

1847 இல் லண்டனில் ஏற்பட்ட பண நெருக்கடியில் அவுரி விலை மீண்டும் சரிந்தது. யூனியன் வங்கி தன் பணத்தில் பெரும்பகுதியை அவுரி வணிகர்களுக்கே கடனாகக் கொடுத்திருந்தது. 1848 தொடக்கத்தில் யூனியன் வங்கியும் கார், தாகூர் கம்பெனியும் வீழ்ந்தன. நீராவியும் நிலக்கரியும் நட்டத்தை உண்டாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவுரிக் கடன் என்ற ஒரு கண்ணி அறுந்தது, பிற கண்ணிகளின் உரிமை கைமாறியது. பெங்கால் கோல் கம்பெனியும் இந்தியா ஜெனரல் கம்பெனியும் ஐரோப்பியர் நிர்வாகத்தில் தொடர்ந்து வளர்ந்தன.

தேவேந்திரநாத் தம் வரலாற்றில் தரும் கணக்கின்படி மொத்தக் கடன் ஒரு கோடி ரூபாய். வர வேண்டியவை 70 லட்சம். இத்தகைய நாளை எதிர்பார்த்தே துவாரகநாத் 1840 இல் சில ஜமீன்களை அறக்கட்டளை ஆவணத்தின் மூலம் கடன்காரர்களின் கைக்கு எட்டாதபடி பாதுகாத்து வைத்திருந்தார். தேவேந்திரநாத் அந்தப் பாதுகாப்பைப் பயன்படுத்த மறுத்து, அவற்றையும் கடன்காரர்கள் முன் வைத்தார். நெகிழ்ந்த கடன்காரர்கள் தவணைக்கு உடன்பட்டனர். கடனை அடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. வணிகத்திலிருந்து விலகிய குடும்பம் ஜமீன் வருவாயில் வாழத் தொடங்கியது.

பேரனின் நீராவிப் படகுகள்

தாகூர் குடும்பம் மீண்டும் ஒருமுறை ஆற்றில் இறங்கியது. தேவேந்திரநாத்தின் மகன் ஜோதிரிந்திரநாத் தாகூர் (1849 – 1925) ஒரு கப்பலின் வெற்றுடலை ஏலத்தில் 7,000 ரூபாய்க்கு வாங்கினார். எந்திரமும் அறைகளும் பொருத்த அதைவிடப் பன்மடங்கு செலவாயிற்று. 'சரோஜினி' எனப் பெயரிடப்பட்ட அப்படகு 1884 மே மாதம் புறப்பட்டது. தம்பி இரவீந்திரநாத்தும் அதில் பயணம் செய்தார். குல்னாவுக்கும் பாரிசாலுக்கும் இடையே சேவை நடந்தது. பாட்டனார் ஆங்கிலேயரைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு நடத்திய தொழிலில், பேரன் ஆங்கிலேயரின் பிளோட்டில்லா கம்பெனியை எதிர்த்து நின்றார்.

போட்டியில் கட்டணம் குறைந்துகொண்டே போய், இறுதியில் பயணிகள் கட்டணமின்றி ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்களுக்குச் சிற்றுண்டியும் கொடுக்கப்பட்டது. பாரிசால் இளைஞர்கள் படகுத்துறையில் நின்று சுதேசிப் படகில் ஏறுமாறு பயணிகளை வேண்டினர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1906 இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடி – கொழும்பு வழியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோதும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி இதே கட்டணக் குறைப்பு உத்தியையே கையாண்டது.

ஜோதிரிந்திரநாத் மேலும் நான்கு படகுகளை வாங்கினார். அவற்றுள் 'சுதேசி' என்னும் படகு ஹவுரா பாலத்தில் மோதி மூழ்கியது. அதன்பின் அவர் தொழிலைக் கைவிட்டார்.